மருந்துக்குக் கேட்காத மனச்சோர்வு: வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவர் பதில்

இருதுருவ மனநிலைக் கோளாறு, அதாவது பலரும் பைபோலார் என்று சொல்லும் நோயில், எழுச்சிக் கட்டம் (தூக்கம் குறைந்து, வேகமும் செலவும் கோபமும் கட்டுக்கடங்காமல் போகும் காலம்) அடங்கிய பிறகு மனச்சோர்வு மட்டும் மாதக்கணக்கில் நீங்காமல் நிற்பதைப் பற்றி மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

கேள்வி: எனக்கு வயது 36. ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு வாரம் சரியாகத் தூங்காமல், கடன் வாங்கி இரண்டு வேன்களுக்கு முன்பணம் கொடுத்து, வீட்டில் எல்லோரிடமும் சண்டை போட்டு, கடைசியில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டேன். பைபோலார் என்றார்கள். அது ஒரு மாதத்தில் அடங்கிவிட்டது. ஆனால் போன வருடம் சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு பிடித்த மனச்சோர்வு இன்றுவரை விடவில்லை. லித்தியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அதோடு வேறு சில மாத்திரைகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். குளிப்பதற்கே அரை நாள் யோசிக்க வேண்டியிருக்கிறது. சாக வேண்டும் என்று திட்டம் எதுவும் இல்லை. ஆனால் இரவில் படுக்கும்போது விடியாமலே இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறது. இனி எந்த மருந்தும் எனக்குக் கேட்காது. எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா?
(பெயர் வேண்டாம், திருமங்கலம்)

பதில்: உங்கள் கடிதத்தில் கடைசிக்கு முன்னால் நீங்கள் எழுதியிருக்கும் வரிக்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும். விடியாமலே இருந்தால் நன்றாக இருக்கும் என்ற எண்ணம் இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. அதை உங்கள் மருத்துவரிடமும், வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவரிடமும் இந்த வாரமே, எனக்கு எழுதியது போலவே வெளிப்படையாகச் சொல்லுங்கள். இன்றைக்குத் திட்டம் இல்லை என்று நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன், ஆனால் இந்த நோயில் மனநிலை ஓர் இரவுக்குள் மாறிவிடக்கூடும் என்பதால், எப்படி, எப்போது என்று எண்ணம் போகத் தொடங்கினால் தனியாக இருக்காதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நள்ளிரவில் போனாலும் பார்ப்பார்கள். மருந்துகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். குறிப்பாக லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் மீண்டும் கிளம்பும் ஆபத்து அதிகம். தற்கொலை ஆபத்தைக் குறைப்பதாக நல்ல சான்று உள்ள மிகச் சில மருந்துகளில் அதுவும் ஒன்று என்பதால், உங்கள் மனம் பளிச்சென்று மாறாவிட்டாலும் அது உங்களுக்காக ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கலாம்.

எழுச்சி நிலை ஒரு மாதத்தில் அடங்கியதே, சோர்வு மட்டும் ஏன் ஓராண்டுக்கு மேலாகியும் போகவில்லை என்று நீங்கள் குழம்புவது புரிகிறது. இருதுருவ நோயின் இயல்பே அதுதான். அமெரிக்காவில் இந்த நோயாளிகளைச் சராசரியாக 12 ஆண்டுகளுக்கு மேல் வாரம் வாரமாகக் கணக்கெடுத்துத் தொடர்ந்து பார்த்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகை நோயாளிகள் (முழு அளவிலான எழுச்சி வந்தவர்கள்) ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாரங்களை மனச்சோர்வில் கழித்திருந்தார்கள். எழுச்சியில் கழிந்த வாரங்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஊரார் கண்ணில் படுவது எழுச்சிதான், ஆனால் நோயாளியின் வாழ்நாளைத் தின்பது சோர்வுதான். எனவே உங்களுக்கு நேர்ந்திருப்பது யாருக்கும் நேராத ஒன்று என்றோ, உங்கள் மன உறுதி போதவில்லை என்றோ எண்ண வேண்டாம்.

அடுத்தது, இனி எந்த மருந்தும் கேட்காது என்ற உங்கள் முடிவு. எத்தனை மாத்திரைகளைச் சாப்பிட்டோம் என்ற எண்ணிக்கையை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. ஒவ்வொன்றையும் போதிய அளவில், போதிய காலம் சாப்பிட்டோமா என்று பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, க்வெட்டியாபின் இந்த மனச்சோர்வுக்கு நன்றாக ஆராயப்பட்ட மருந்து. ஆய்வுகளில் பயன் தந்த அளவு நாளொன்றுக்கு 300 மி.கி. ஆனால் எங்களிடம் வருபவர்களின் பழைய சீட்டுகளைப் புரட்டினால், தூக்கம் வருவதற்காக 50 மி.கி. எழுதிக் கொடுத்ததை, க்வெட்டியாபின் கொடுத்தும் கேட்கவில்லை என்ற கணக்கில் சேர்த்திருப்பதைப் பலமுறை காண்கிறேன். லுராசிடோன் என்ற மருந்தில் வேறொரு சிக்கல் இருக்கிறது. குறைந்தது 350 கலோரி உணவோடு சாப்பிட்டால்தான் அது உடம்பில் சரியாக ஏறும், வெறும் வயிற்றில் போட்டால் பாதி அளவுகூட ஏறாமல் போகலாம். மனச்சோர்வில் இருப்பவருக்குப் பசியே இருக்காது. இரவில் அரை டம்ளர் மோரைக் குடித்துவிட்டு மாத்திரையைப் போட்டுப் படுத்துவிடுவார். மருந்துக்கடைச் சீட்டில் அளவு சரியாக இருக்கும், உடம்பில் இருக்காது. இப்படிப் பல வாரங்கள் வீணாகியிருந்தால் அது மருந்தின் தோல்வி என்று சொல்ல முடியாது, மருந்தைப் போட்டுப் பார்க்கவே இல்லை என்றுதான் பொருள்.

லித்தியத்துக்கு இரத்த அளவு பார்ப்பது கட்டாயம். பொதுவாக 0.6 முதல் 1.0 வரை இருக்குமாறு பார்த்துக்கொள்கிறோம். முந்தின இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். காலை மாத்திரையையும் போட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்து இரத்தம் கொடுத்தால், அளவு கூடுதலாகக் காட்டும், அதை நம்பி மருந்தைக் குறைத்துவிட்டால் நோய்க்குத்தான் வசதி. அதே சீட்டில் தைராய்டும் சிறுநீரகமும் பார்க்கப்பட்டிருக்கின்றனவா என்று கவனியுங்கள். லித்தியம் சிலருக்குத் தைராய்டு சுரப்பைக் குறைக்கும், தைராய்டு குறைந்தால் மனச்சோர்வு எந்த மருந்துக்கும் எளிதில் இறங்காது. இரத்தசோகையும் பி12 குறைவும்கூட இப்படித்தான் பின்னால் இருந்து இழுக்கும்.

நம் ஊர் வெயிலை முன்னிட்டு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கத்திரி வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குறைந்தாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும், திடீரென்று உப்பைக் குறைத்தாலும், முதுகு வலிக்கு என்று ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைச் சாப்பிட்டாலும் லித்தியம் இரத்தத்தில் ஏறிவிடும். வாந்தி, கை பெரிதாக நடுங்குதல், நடை தள்ளாடுதல், பேச்சுக் குளறுதல் ஆகியவை தென்பட்டால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் போதும்.

மனச்சோர்வுக்கான வழக்கமான மாத்திரைகளை இந்த நோயில் கூட்டிக்கொண்டே போவதால் நன்மை குறைவு என்பதை உங்களுக்குச் சொல்லியிருப்பார்களா என்று தெரியவில்லை. 2007-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில், மனநிலையை நிலைப்படுத்தும் மருந்தோடு அத்தகைய மாத்திரையைச் சேர்த்தவர்களுக்கும் வெற்று மாத்திரை சேர்த்தவர்களுக்கும் குணமாவதில் வேறுபாடு தெரியவில்லை. சிலருக்கு அவை பயன்படுகின்றன. ஆனால் வேறு சிலருக்கு அவையே படபடப்பையும் எரிச்சலையும் கூட்டி, சோர்வும் எழுச்சியும் ஒன்றாகக் கலந்த நிலைக்குத் தள்ளிவிடுகின்றன. உடம்பு அசையவில்லை, ஆனால் உள்ளே எண்ணங்கள் நிற்காமல் ஓடுகின்றன, இருப்புக் கொள்ளவில்லை என்று உங்களுக்கு இருந்தால் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அப்போது மருந்தைச் சேர்ப்பதைவிட ஒன்றைக் கழிப்பதே சிகிச்சையாக இருக்கலாம். மதுவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நானும் ஊகிக்கவில்லை, ஆனால் வாரத்துக்கு ஓரிரு முறை என்றாலும் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடிப்பதற்குள் இன்னும் சில மாதங்கள் போய்விடும். அந்த மாதங்களை எப்படிக் கடப்பது என்பதுதான் உங்களுக்கு இன்றைய கேள்வியாக இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த நோயில் உடம்பின் கடிகாரம் எளிதில் குலைகிறது. அதனால் தாள முறை சிகிச்சை என்று ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். எழும் நேரம், முதலில் ஒரு மனிதரோடு பேசும் நேரம், வேலை தொடங்கும் நேரம், இரவுச் சாப்பாட்டு நேரம், படுக்கும் நேரம் ஆகிய ஐந்தையும் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே மணியில் வைத்துக்கொள்வது அதன் சாரம். ஐந்தும் முடியாது என்றால் எழும் நேரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஆறரை மணிக்கு எழுந்து வாசல் திண்ணையில் வெளிச்சம் படும்படி உட்கார்ந்தாலே போதும், அப்போது உற்சாகம் வர வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. குளிப்பது மலையாகத் தெரிந்தால் முகம் கை கால் கழுவிச் சட்டை மாற்றிக்கொள்ளுங்கள். இதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால், காலில் கட்டுப் போட்டவரை ஓடச் சொல்வீர்களா என்று கேட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

வேலையை விட்டுவிட வேண்டாம். கடை முதலாளியிடம் உடம்புக்கு முடியவில்லை, சில மாதங்களுக்கு அரை நாள் வருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். மனச்சோர்வின் நடுவில் எடுக்கும் ராஜினாமா, பாகப்பிரிவினை, சீட்டை முறிப்பது போன்ற முடிவுகளைத் தள்ளிப் போடுவது நல்லது, ஏனென்றால் அவற்றில் பல அந்த நேரத்தில் தெளிவான முடிவாகவே தோன்றும். இரவில் ஒரு காலண்டர் தாளில் தூங்கிய மணியையும், மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதையும் மட்டும் குறித்து வையுங்கள். இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறினால் சோர்ந்த மனத்துக்கு அது தெரியாது, தாளைப் பார்க்கும் மருத்துவருக்குத் தெரியும். அந்த ஒரு புள்ளியை வைத்துத்தான் இந்த மருந்தைத் தொடர்வதா விடுவதா என்று நாங்கள் முடிவு செய்கிறோம்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 45. கரும்பும் நெல்லும் போடுகிறோம். எட்டு மாதமாகக் கட்டிலை விட்டு எழுவதில்லை. மாத்திரை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். மாமியாரும் கொழுந்தனாரும் கோடாங்கியிடம் குறி கேட்டுவிட்டு வந்து, இது செய்வினை, மாத்திரையை நிறுத்திவிட்டு 48 நாள் கோயிலில் தங்க வைத்தால் சரியாகும் என்கிறார்கள். நான் என்ன பேசினாலும் அவர் எரிந்து விழுகிறார், இல்லாவிட்டால் அழுகிறார். எனக்கும் முடியவில்லை.
(ஒரு வாசகி, மேலூர் அருகே)

பதில்: அம்மா, கோயிலுக்குப் போவதை நீங்கள் தடுக்க வேண்டியதில்லை. அதனால் அவர் மனத்துக்கு ஆறுதல் கிடைத்தால் நல்லதுதான். மாத்திரைகள் அவரோடு போக வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏர்வாடி தர்காவிலேயே வழிபாடும் மருந்தும் சேர்ந்து நடக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று மாமியாரிடம் எடுத்துச் சொல்லலாம். அந்த ஏர்வாடியில்தான் 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் தப்பிக்க வழியில்லாமல் இறந்துபோனார்கள். மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. எங்கே தங்க வைத்தாலும் இதை மனத்தில் வையுங்கள்.

செய்வினையா இல்லையா என்று வீட்டில் வாதம் செய்து உங்கள் தெம்பைச் செலவழிக்க வேண்டாம் என்பது என் யோசனை. அதற்குப் பதிலாகக் கொழுந்தனாரிடம் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். மாதம் ஒருமுறை அண்ணனை மருத்துவமனைக்குக் கூட்டிப் போவது அவர் வேலையாக இருக்கட்டும். மருத்துவர் முன்னால் உட்கார்ந்து, தன் சந்தேகத்தைத் தானே கேட்டு, பதிலைத் தானே கேட்டவர் வீட்டுக்கு வந்து பேசும் பேச்சு வேறாக இருக்கும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வட்டார அரசு மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாள்களில் வருகிறார்கள். உங்கள் பக்கத்தில் எந்த நாள் என்று விசாரித்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் மதுரை வரை வர வேண்டியிருக்காது.

தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். அது உங்கள் வீட்டிலோ மோட்டார் அறையிலோ இருக்கக் கூடாது. நம்பிக்கையான இன்னொரு வீட்டில், பூட்டுப் போட்டு, சாவி அவர்களிடமே இருக்கட்டும். இவருடைய மாத்திரை அட்டைகளையும் உங்கள் பொறுப்பில் வைத்துக்கொண்டு வேளைக்கு வேளை எடுத்துக் கொடுங்கள். "சாகணும்னு தோணுதாங்க?" என்று அவரிடம் நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது, பெரும்பாலோர் யாராவது கேட்டார்களே என்று மூச்சு விடுவார்கள். ஆமாம் என்றால் அதட்டாமல், சத்தியம் வாங்காமல், கூடவே இருந்து மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று மேலே சொன்ன சட்டமே கூறுகிறது, எனவே போலீஸ் வழக்கு என்ற பயத்தில் எதையும் மறைக்க வேண்டாம்.

அவர் எரிந்து விழுவதும் அழுவதும் உங்கள் மேல் உள்ள கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த எரிச்சல் புதிதாக வந்ததா, முன்பே இருந்ததா என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும், சோர்வோடு எழுச்சி கலந்திருப்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். "மனசைத் தைரியமா வச்சுக்கங்க, உங்களுக்கு என்ன குறை" என்பதை வீட்டில் எல்லோரும் நிறுத்திவிடுவது நல்லது. சாப்பிட வருகிறீர்களா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் பதில் வரும். தட்டைக் கொண்டுவந்து வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடத் தொடங்குங்கள், பேச்சு வேண்டாம். குடும்பத்துக்கு இப்படிப் பழக்கிக் கொடுப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதி. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்தோடு சேர்த்துக் குடும்ப ஆலோசனை போன்ற பேச்சுச் சிகிச்சையை ஒன்பது மாதம் வரை பெற்றவர்களில் ஓராண்டுக்குள் 64 சதவீதத்தினர் மனச்சோர்விலிருந்து மீண்டார்கள், சுருக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 52 சதவீதத்தினர் மீண்டார்கள்.

உங்களுக்கும் முடியவில்லை என்று ஒற்றை வரியில் எழுதி நிறுத்திவிட்டீர்கள். எட்டு மாதம் தோட்டம், வீடு, நோயாளி என்று மூன்றையும் சுமப்பவருக்கு முடியாமல் போவது இயல்பு. வாரத்தில் ஒரு நாள் மாமியாரோ கொழுந்தனாரோ அவரைப் பார்த்துக்கொள்ள, நீங்கள் உங்கள் தாய் வீட்டுக்குப் போய் வாருங்கள். அப்படிப் போவதைச் சுயநலம் என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். உங்களுக்கே தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், அவருக்குச் சீட்டுப் போடும் அன்று உங்களுக்கும் ஒரு சீட்டுப் போடுங்கள்.

கேள்வி: வயது 23. லாமோட்ரிஜின் தொடங்கி நான்கு வாரம் ஆகிறது, எந்த மாற்றமும் இல்லை. நடுவில் தோழியின் திருமணத்துக்குக் கோவை போனபோது மாத்திரையை மறந்துவிட்டு ஒரு வாரம் சாப்பிடவில்லை. நேராக 200 மி.கி. சாப்பிட்டால் சீக்கிரம் கேட்குமா? எனக்கும் வரன் பார்க்கிறார்கள், கல்யாணத்துக்கு முன்பு நிறுத்திவிடச் சொல்கிறார் அம்மா.
(வாசகி, மதுரை)

பதில்: கூடவே கூடாது. இந்த மருந்தை 25 மி.கி.யில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் மெல்ல ஏற்றி, முழு அளவுக்குப் போகவே ஆறு வாரம் பிடிக்கும். வேகமாக ஏற்றினால் தோலையும் வாய், கண் சவ்வுகளையும் உரித்துவிடும் ஆபத்தான ஒவ்வாமை வரக்கூடும். ஐந்து நாள்களுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் தொடரக் கூடாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனவே இன்று எந்த அளவில் இருந்தாலும் உடனே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் போய்க் காட்டுங்கள். முழு அளவை எட்டிச் சில வாரங்கள் ஆகும் முன் இது கேட்கவில்லை என்று சொல்வது அவசரம்.

திருமணத்துக்காக மருந்தை நிறுத்துவதை நான் ஏற்க மாட்டேன். நோயைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்பே பேசிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. புது வீட்டில் ஒளித்து வைத்துச் சாப்பிட வேண்டிய மாத்திரை பெரும்பாலும் சாப்பிடாமலே போய்விடுகிறது. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை லாமோட்ரிஜினின் இரத்த அளவைப் பாதியாகக் குறைத்துவிடும், அதைத் தொடங்குவதற்கு முன் சொல்லுங்கள். இந்த நோய்க்குத் தரப்படும் இன்னொரு மருந்தான வால்புரோயேட் கருவைப் பாதிக்கும் என்பதையும் குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்கள் அறிந்திருக்க வேண்டும். யாராவது அதை எழுதிக் கொடுத்தால் இதைப் பற்றிக் கேட்டுத் தெளிந்துகொள்வது உங்கள் உரிமை.

கேள்வி: என் மகனுக்கு வயது 29. இரண்டு வருடமாக மனச்சோர்வு. இப்போது சாப்பாட்டையும் குறைத்துவிட்டான், பேச்சும் இல்லை. மருத்துவர் ஷாக் சிகிச்சை கொடுக்கலாம் என்கிறார். கரண்டு வைத்தால் மூளை போய்விடும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். சம்மதிக்க மனம் வரவில்லை.
(ஒரு தந்தை, சோழவந்தான்)

பதில்: ஐயா, பிள்ளைக்குக் கரண்டு வைக்கப் போகிறார்கள் என்ற சொல்லே எந்தத் தகப்பனையும் கலங்கடிக்கும். இன்று அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். மயக்க மருத்துவர் ஊசி போட்டு உறங்க வைத்து, தசைகள் தளர மருந்து கொடுப்பார். பிறகு தலையில் சில விநாடிகள் மட்டும் மின்சாரம் செலுத்தப்படும், மூளையில் ஒரு நிமிடத்துக்கு உட்பட்ட வலிப்பு ஓடி முடியும், உடம்பு பெரிதாகத் துள்ளாது. கொஞ்ச நேரத்தில் கண் விழிப்பார், சற்றுக் குழப்பமும் தலைவலியும் இருக்கலாம். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறையாக, மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு முறை வரை கொடுப்பது வழக்கம். மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் கொடுப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அடியோடு தடை செய்துவிட்டது.

மூளை போய்விடும் என்பது உண்மை இல்லை. ஆனால் மறதியே வராது என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். சிகிச்சை நடக்கும் வாரங்களின் நினைவுகளும், அதற்குச் சற்று முன்பு நடந்தவையும் மங்கும். பெரும்பாலும் திரும்பிவிடும், சிலருக்குச் சில நினைவுகள் திரும்புவதில்லை. பயனைப் பொறுத்தவரை, மருந்துகளுக்குக் கேட்காத இருதுருவ மனச்சோர்வு உள்ளவர்களை இரண்டு பிரிவாக்கி நார்வேயில் செய்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. மின் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 74 சதவீதத்தினரிடமும், மருந்தை மட்டும் மாற்றிப் பார்த்தவர்களில் 35 சதவீதத்தினரிடமும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. அறிகுறிகள் முற்றிலும் மறையும் அளவுக்குக் குணமானவர்கள் இரண்டு பிரிவிலும் மூன்றில் ஒருவர் அளவுதான். இதையும் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். முடிந்த பிறகும் மருந்து தொடர வேண்டும், இல்லாவிட்டால் சில மாதங்களில் நோய் திரும்பி வருவது உண்டு.

உங்கள் மகன் சாப்பாட்டைக் குறைத்துப் பேச்சையும் விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த நிலையில் என் வீட்டுப் பிள்ளை இருந்தால் நான் சம்மதிப்பேன். மகனுக்குப் புரிந்துகொள்ளும் நிலை இருந்தால் அவருடைய சம்மதமும் வேண்டும், எனவே அவருக்கும் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லுங்கள். லித்தியம், வால்புரோயேட் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதை மயக்க மருத்துவரிடம் மறக்காமல் தெரிவியுங்கள். அவற்றின் அளவை முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கலாம்.

கேள்வி: நோயால் வேலை போய்விட்டது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கேட்க எனக்குத் தகுதி உண்டா?
(வாசகர், உசிலம்பட்டி)

பதில்: உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. நோயின் பெயரை வைத்து இது தரப்படுவதில்லை, தன்னைப் பார்த்துக்கொள்வது, பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை ஆகியவற்றில் எவ்வளவு பாதிப்பு என்று மதிப்பிட்டுத் தருகிறார்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பல சலுகைகளுக்குத் தகுதி வரும். பழைய மருத்துவச் சீட்டுகளை எறியாமல் எடுத்துப் போங்கள்.

கேள்வி: புறநோயாளர் பிரிவில் காலையிலிருந்து வரிசையில் நின்றால் மருத்துவரிடம் சில நிமிடங்கள்தான் கிடைக்கின்றன. எப்படி இருக்கிறது என்று கேட்டால் பரவாயில்லை என்று வாயில் வந்துவிடுகிறது. மருந்து வேலை செய்யவில்லை என்று சொன்னால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்றும் பயமாக இருக்கிறது.
(வாசகி, வாடிப்பட்டி)

பதில்: கோபித்துக்கொள்ளும் மருத்துவர்களும் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் நீங்கள் பரவாயில்லை என்று சொன்னால், எதிரே இருப்பவர் அதே சீட்டில் அதே மருந்தை இன்னொரு மாதத்துக்கு எழுதுவார், அதில் அவர் மேல் தவறு சொல்ல முடியாது. எனவே வாயால் சொல்வதை நம்பாமல், முந்தின நாளே ஒரு முழுத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மேலே முதல் வரியில், "மூன்று மாதமாக முன்னேற்றம் இல்லை, இப்படியே தொடர எனக்கு முடியவில்லை" என்று எழுதுங்கள். அதன் கீழே இதுவரை சாப்பிட்ட ஒவ்வொரு மருந்தின் பெயர், கடைசியாக எட்டிய அளவு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, நிறுத்தியதற்குக் காரணம் ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். எடை கூடியது, பகலெல்லாம் தூக்கம், மாதவிடாய் நின்றது, தாம்பத்தியத்தில் நாட்டமில்லை என்று எதுவாக இருந்தாலும் கூச்சமில்லாமல் எழுதலாம். இவற்றைச் சொல்ல வெட்கப்பட்டு மாத்திரையைக் குப்பையில் போடுபவர்கள் ஏராளம், அது தெரியாமல் நாங்கள் அளவைக் கூட்டிக்கொண்டிருப்போம்.

விட்டுப்போன வேளைகளையும் உள்ளபடி எழுதுங்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மருந்துகள், மூட்டு வலிக்கு வாங்கும் பெயர் தெரியாத பொடி எல்லாம் பட்டியலில் வர வேண்டும், அத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு, அது மனநிலையையே புரட்டிப்போடும். கடைசியில் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்: இந்த மருந்தை எத்தனை வாரம் பார்க்கப் போகிறோம், அதற்குள் கேட்காவிட்டால் அடுத்து என்ன செய்வோம், நடுவில் மோசமானால் நான் யாரிடம் வர வேண்டும். பதிலை அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டாவது மருத்துவர் ஒருவரின் கருத்தைக் கேட்க விரும்பினால் அதையும் தயங்காமல் சொல்லலாம், அதற்குச் சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. கூட ஒருவரை அழைத்துப் போக முடிந்தால் தாளை அவர் கையில் கொடுங்கள். உங்களுக்குப் பேச்சு வராத அன்றைக்கு அவர் அதை அப்படியே மேசை மேல் வைத்துவிடலாம்.